மாதக் கடைசியிலும் மாநகரத்தை அனுபவிக்க: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பெருநகரத்துக்குப் புதிதாக வந்து சேர்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்ற பட்டியலாகவே இருக்கின்றன. திரையரங்குக்குப் போகாதே, வெளியில் சாப்பிடாதே, நண்பர்களோடு சுற்றாதே என்று நீளும் அந்தப் பட்டியலை என் முதல் நான்கு மாதங்களில் நானும் ஏறக்குறைய முழுமையாகக் கடைப்பிடித்தேன். எங்கும் போகவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஆயினும் மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. பணம் போன வழியைத் தேடி உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான், அதில் மகிழ்ச்சிக்காகச் செலவானது மிகச் சொற்பம் என்பதும், களைப்பு, அவசரம், பசி, தனிமை ஆகிய நான்கும் சேர்ந்து மற்றதைத் தின்றுவிட்டிருந்தன என்பதும் தெரியவந்தது.

இந்த வழிகாட்டி அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. மேற்சொன்ன நான்கும் தலைதூக்காதபடி அன்றாடத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டால் மிஞ்சும் சிறு தொகையே, நூலகம், பூங்கா, அருங்காட்சியகம், அரங்கம் என்று நகரம் பொதுவில் வைத்திருப்பவற்றை அனுபவிக்கப் போதுமானது. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்வது நல்லது. வீடும் பயணமும் சரியாக அமையாதவரை மற்றவற்றில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் பலன் குறைவாகவே இருக்கும்.

முதல் படி: செலவோடு காரணத்தையும் எழுதுங்கள்

செலவுக் கணக்கு எழுதச் சொல்லாத வழிகாட்டியே இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் தொகையை மட்டும் எழுதி வைப்பதால், எவ்வளவு போயிற்று என்ற வருத்தம் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஒரே சொல்லில் காரணத்தையும் எழுதுங்கள். என் பழைய குறிப்பேட்டில் ஒரு வாரம் இப்படி இருக்கிறது. செவ்வாய் இரவு 9.40, வாடகைக் கார், களைப்பு. புதன் காலை 8.50, நிலையத்தில் தண்ணீர் பாட்டில், மறதி. புதன் இரவு, வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு, களைப்பு. வெள்ளி மாலை, இன்றுவரை ஒருமுறைகூட அணியாத சட்டை, தனிமை. ஞாயிறு, பூங்காவில் இசை நிகழ்ச்சிக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம், ஆசை. ஐந்து வரிகளில் ஆசை என்ற சொல் ஒரே ஒரு முறை, அதுவும் இருப்பவற்றிலேயே சிறிய தொகைகளில் ஒன்றுக்கு எதிரே வந்திருக்கிறது.

காரணத்தைச் செலவு செய்த அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். இரவு வீட்டுக்கு வந்து எழுதினால் மனம் கௌரவமான காரணங்களைத் தேடிப் பிடித்துவிடும். செலவுக் கணக்குச் செயலிகள் உணவு, பயணம், உடை என்று தாமாகவே பிரித்துத் தரும் என்றாலும், நமக்கு வேண்டிய இந்தப் பிரிவு அவற்றுக்குத் தெரியாது. கைப்பேசியின் குறிப்புப் பக்கமோ சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு நோட்டோ போதும். மாத முடிவில் காரணவாரியாகக் கூட்டிப் பாருங்கள். களைப்பு முதலிடத்தில் இருந்தால் வீடு அமைந்த இடத்திலோ பயணத்திலோ சிக்கல் இருக்கிறது; மறதியும் பசியும் முந்தினால் காலையில் புறப்படும் முறையை மாற்ற வேண்டும்; தனிமை முந்தினால் அதற்கான மருந்து எந்தக் கடையிலும் இல்லை, அதை ஐந்தாம் படியிலும் எட்டாம் படியிலும் பார்ப்போம்.

இந்தக் கணக்கை உங்களைவிட இரு மடங்கு சம்பளம் வாங்கும் சக ஊழியரின் கணக்கோடு ஒப்பிட வேண்டாம். குடும்பத்தின் வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். உங்கள் கணக்கில் சாப்பாட்டுச் செலவின் பங்கு பெரிதாகத் தெரிந்தால் அது உங்கள் ஊதாரித்தனத்துக்குச் சாட்சி ஆகாது.

இரண்டாம் படி: வாடகையைத் தனியாகப் பார்க்காதீர்கள்

வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகை கொடுக்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த எண் அமெரிக்காவின் அரசுக் குடியிருப்புகளுக்கான வாடகை உச்சவரம்பிலிருந்து புகழ்பெற்றது. 1969-இல் 25 விழுக்காடாக வரையறுக்கப்பட்டு, 1981-இல் 30-ஆக உயர்த்தப்பட்டது. அரசுக் குடியிருப்பில் வசிப்பவருக்கு வகுத்த வரம்பை, தனியார் வீட்டில் ஓர் அறை தேடும் இளைஞர் வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சிகாகோவிலுள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு வீட்டுச் செலவையும் பயணச் செலவையும் ஒன்றாகக் கூட்டி, இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. எண்ணை விடுங்கள், இரண்டையும் கூட்டிப் பார்ப்பது என்ற அந்த முறைதான் புதியவருக்கு உதவும்.

உங்கள் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வேலையிடத்திலிருந்து நடந்தே அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய அறைக்கு வாடகை 40 பங்கு. நகரத்தின் விளிம்பில், இரண்டு வண்டி மாறி ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய அறைக்கு 28 பங்கு. பார்த்தவுடன் இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். அதற்குப் பயணச்செலவாக 9 பங்கைச் சேர்த்தால் வித்தியாசம் வெறும் 3 பங்காகச் சுருங்கிவிடுகிறது. அந்த 3 பங்குக்காக, ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், 22 வேலை நாட்களுக்கு 44 மணி நேரத்தைக் கொடுக்கிறீர்கள். அதாவது மாதத்துக்கு ஒரு முழு வேலை வாரத்தைவிடக் கூடுதலாக. அப்படிக் களைத்து வீடு திரும்பும் இரவுகளில் வரவழைக்கும் சாப்பாடும் வாடகைக் காரும் அந்த 3 பங்கையும் விழுங்கிவிடும். மனிதர்கள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்றும், வண்டியின் வேகம் கூடினால் நேரம் குறைவதற்குப் பதிலாகத் தூரம்தான் கூடுகிறது என்றும் இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். போய்வர மொத்தம் ஒரு மணி நேரம் என்பதை இலக்காகவும், ஒன்றரை மணி நேரத்தை எல்லையாகவும் வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

40 பங்கு கட்டுப்படியாகாது என்பவர்களே அதிகம் என்பதை அறிவேன். அவர்களுக்குத் தொலைவில் தனியறையைவிட, அருகில் பகிர்ந்துகொள்ளும் அறை நல்லது. தனியறையின் அமைதி உங்களுக்கு உயிர்நாடி என்றால் தொலைவையே தேர்ந்தெடுங்கள். ஆனால் வண்டி புறப்படும் முதல் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படித்துக்கொண்டு போவதும், அதே நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரே பயணம் ஆகாது.

வந்தவுடன் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். முதல் மாதத்தைத் தற்காலிகமாக எங்காவது கழித்துவிட்டு, பிடித்துப்போன பகுதியை மூன்று வேளைகளில் போய்ப் பாருங்கள்: வேலை நாளின் காலை நெரிசலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு நிலையத்திலிருந்து நடந்து ஒருமுறை, மழை பெய்யும்போது ஒருமுறை. பத்து நிமிட நடைக்குள் காய்கறி வாங்கும் இடம், நூலகம், மரநிழல் உள்ள ஒரு திறந்தவெளி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் இரண்டாவது இருந்தாலே வாடகையில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். வீட்டை நேரில் பார்ப்பதற்கு முன் முன்பணம் அனுப்பாதீர்கள். கேட்பவர் எவ்வளவு அவசரப்படுத்துகிறாரோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். குடிபுகும் நாளன்று சுவர், குழாய், சன்னல் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைத்துவிட்டால், காலிசெய்யும் நாளில் முன்பணம் பற்றிய வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

மூன்றாம் படி: பயண அட்டையின் கணக்கு

மாத அட்டையின் விலையை ஒற்றைப் பயணச்சீட்டின் விலையால் வகுத்தால் வரும் எண்தான் அட்டை கட்டுப்படியாகும் பயணங்களின் எண்ணிக்கை. வகுத்தால் 36 வருகிறது, நீங்கள் 22 நாட்களுக்கு 44 முறை பயணம் செய்கிறீர்கள் என்றால் அட்டையே லாபம். வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் அலுவலகம் போகிறவருக்கு ஏறக்குறைய 26 பயணங்கள்தான் ஆகும் என்பதால் நட்டம்போலத் தோன்றும். அந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அட்டை கையில் இருந்தால் வாரக்கடைசிப் பயணங்களுக்கும், இரவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வருவதற்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. புறப்படும் ஒவ்வொரு முறையும் கட்டணத்தை எண்ணிப் பார்ப்பவர் பாதி நாட்கள் அறையிலேயே இருந்துவிடுவார். மாதத்துக்கு ஐந்தாறு முறை வெளியே போவது உறுதி என்றால், சிறிது நட்டமானாலும் அட்டை வாங்குவதே சரி என்பது என் கருத்து.

எந்த நகரத்திலும் போக்குவரத்துக் கழகத்தின் கட்டண விதிகளை ஒரு மாலைப்பொழுது செலவழித்து முழுமையாகப் படித்துவிடுங்கள். நெரிசல் இல்லாத நேரத்துக்குக் குறைந்த கட்டணம் உண்டா, குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் வண்டி மாறினால் அதே சீட்டு செல்லுமா, லண்டனில் இருப்பதுபோல ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா, மாணவருக்கும் முதியவருக்கும் சலுகை உண்டா என்பவற்றைப் பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்பவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. சில இடங்களில் கட்டணமே கிடையாது: எஸ்டோனியாவின் தல்லின் நகரத்தில் 2013 முதல், அங்கு வசிப்பவராகப் பதிவுசெய்துகொண்டவர்கள் நகரப் பேருந்துகளில் இலவசமாகப் போகலாம்; லக்சம்பர்க் 2020-இல் நாடு முழுவதற்குமே கட்டணத்தை நீக்கியது. தல்லின் எடுத்துக்காட்டில் கவனிக்க வேண்டியது, பதிவுசெய்தவர்கள் என்ற சொல். முகவரிப் பதிவு, குடியிருப்புச் சான்று போன்ற அலுப்பூட்டும் வேலைகளைப் புதியவர்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலான சலுகைகளின் வாசற்கதவு அந்த ஒரு தாள்தான். நூலக உறுப்பினர் அட்டையும் அதைத்தான் கேட்கும்.

நான்காம் படி: பையும் அடுப்பும்

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். தண்ணீர், கையில் எடுத்துச் சாப்பிடக்கூடிய ஏதேனும் ஒன்று, மடித்து வைக்கும் குடை, கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பி ஆகிய நான்கும் பையில் நிரந்தரமாக இருக்கட்டும். இரவு படுக்கும்முன் பையை வாசலருகே வைத்துவிடுங்கள். குறிப்பேட்டில் மறதி, அவசரம் என்று விழும் செலவுகளில் பெரும்பகுதி இந்த நான்கும் இல்லாததால் வருபவையே.

சமையலைப் பொறுத்தவரை, ஏழு நாட்களும் சமைப்பேன் என்று உறுதி எடுப்பவர்கள் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். களைத்து வரும் நாட்கள் வாரத்தில் எவை என்று குறிப்பேட்டில் பார்த்து, அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே சமைத்து வையுங்கள். மற்ற நாட்களில் விருப்பம்போல நடந்துகொள்ளலாம். பசியோடு கடைக்குப் போகாதீர்கள். நாள் முடியும் வேளையில் காய்கறிச் சந்தையில் விலை இறங்கும் நகரங்களில், வேலை முடிந்து திரும்பும் நேரமே உங்களுக்கு வாய்ப்பாக அமையும்.

ஐந்தாம் படி: நூலகத்தில் உறுப்பினராகுங்கள்

முகவரிச் சான்று கைக்கு வந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது. புத்தகம் படிக்கும் பழக்கம் எனக்கில்லை என்று சொல்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். எதையும் வாங்காமல், யாருக்கும் விளக்கம் சொல்லாமல், விரும்பும் நேரம் வரை உட்கார்ந்திருக்கக்கூடிய கூரையுள்ள இடங்கள் பெருநகரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே உண்டு. வீடும் வேலையிடமும் அல்லாத, மனிதர்கள் இயல்பாகக் கூடும் இத்தகைய இடங்களுக்கு மூன்றாம் இடம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1980களில் பெயர் வைத்தார். தேநீர்க்கடையும் முடிதிருத்தகமும் அவருடைய பட்டியலில் உண்டு. ஆனால் அங்கெல்லாம் ஏதாவது வாங்க வேண்டும். நூலகத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

நான் முதலில் குடியிருந்த அறை கோடையில் அடுப்புப்போலக் காயும். சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் கதவு திறப்பதற்கு முன்பே போய் நிற்பேன். எனக்கு முன்பே ஏழெட்டுப் பேர் நின்றிருப்பார்கள்: தேர்வுக்குப் படிக்கும் இரண்டு மாணவிகள், குழந்தையைத் தூக்கிய ஒரு தந்தை, நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை வேறு யாரும் எடுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதற்காகவே வரும் ஒரு முதியவர். இரண்டு மாதம் எதுவும் பேசாமல் நின்றோம். ஒருநாள் நான் தாமதமாகப் போனபோது, நான் வழக்கமாக உட்காரும் சன்னலோர நாற்காலியில் அந்த முதியவர் தம் கைப்பையை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தார். நகரத்தில் எனக்காக ஒருவர் செய்த முதல் காரியம் அதுதான்.

புத்தகங்களைத் தவிர நூலகங்கள் வேறு என்னென்ன தருகின்றன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்னூல்கள், ஒலிநூல்கள், இலவச இணையம், குறைந்த கட்டணத்தில் அச்சிடும் வசதி, மொழி வகுப்பு, வேலை விண்ணப்பம் எழுத உதவி போன்றவை பல நகரங்களில் உண்டு. தையல் இயந்திரமும் துளைப்பான் கருவியும் இரவல் தரும் நூலகங்களும் இருக்கின்றன. நியூயார்க்கில் 2018 முதல் நூலக அட்டை வைத்திருப்பவர்கள் அதைக்கொண்டு அந்நகரின் பல அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதி முன்பதிவு செய்துகொள்ள முடிகிறது. உங்கள் நகரத்தில் அப்படி ஏதாவது உண்டா என்பதை உதவி மேசையில் இருப்பவரிடம் கேட்பதே சிறந்த வழி. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாதவையும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: அருங்காட்சியகமும் அரங்கமும்

உலகின் சில பெரிய தொகுப்புகளை எந்தக் கட்டணமும் இன்றிப் பார்க்க முடிகிறது. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759-இல் திறக்கப்பட்டபோதே அனுமதி இலவசம். 2001 டிசம்பரிலிருந்து இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் அப்படியே. கட்டணம் வாங்கும் இடங்களிலும் வாரத்தில் ஒரு மாலையோ மாதத்தில் ஒரு நாளோ இலவசமாக விடும் வழக்கம் பரவலாக உண்டு: மாட்ரிட்டின் பிராடோவில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம், பாரிஸின் ஓர்சேயில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். இத்தகைய நேரங்களை அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து நாட்காட்டியில் ஒரே நாளில் குறித்து வைத்துவிடுங்கள். புறப்படும் அன்று தேடினால் அகப்படாது.

இலவச அனுமதியின் அருமை பணம் மிஞ்சுவதோடு நிற்கவில்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல், குனிந்தும் எட்டிப் பார்த்தும் காட்சிப்பொருள்களைப் பார்க்கும் ஒருவரைப் படமெடுத்து, அருங்காட்சியகக் களைப்பு என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். கட்டணம் கொடுத்து உள்ளே போனவர், கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நாலு மணி நேரம் நடந்து கால்வலியோடு வெளியே வருவார். இலவசமாகப் போகிறவர் ஒரே ஓர் அறையை முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, மீதியை அடுத்த மாதத்துக்கு விட்டுவரலாம். ஒரே ஓவியத்தை மழைக்காலத்தில் ஒருமுறையும் வெயிற்காலத்தில் ஒருமுறையும் பார்ப்பது, அந்நகரில் குடியிருப்பவருக்கு மட்டுமே வாய்க்கும் வசதி. சுற்றுலாப் பயணிக்கு அது கிடைப்பதில்லை.

இசை, நாடகம் ஆகியவற்றுக்கு வேறு உத்திகள் தேவை. முதலாவது, நின்று பார்க்கும் இடங்கள். லண்டனில் 1895 முதல் நடந்துவரும் புரோம்ஸ் (Proms) இசைவிழாவில், நின்று கேட்பவர்களுக்கென்று குறைந்த விலைச் சீட்டுகளை நிகழ்ச்சி நாளன்று விற்கிறார்கள். வியன்னாவின் அரசு இசைநாடக அரங்கிலும் நின்று பார்க்க நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு. கால் உறுதியாக இருக்கும் வயதில் இதைவிட நல்ல பேரம் இல்லை. இரண்டாவது, திறந்தவெளி நிகழ்ச்சிகள். நியூயார்க்கின் மத்திய பூங்காவில் ஜோசப் பாப் தொடங்கிவைத்த இலவச நாடக மரபு 1962-இல் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கைப் பெற்று இன்றும் தொடர்கிறது. மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, இசைக் கல்லூரிகளும் நாடகப் பள்ளிகளும். அங்கு மாணவர்களின் தேர்வு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும், கட்டணம் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும், அரங்கில் பாதி இருக்கை காலியாகவே கிடக்கும். அவர்களில் சிலர் பத்து ஆண்டுகள் கழித்துப் பெரிய மேடைகளில் அமர்வார்கள். அப்போது உங்களுக்குச் சீட்டு கிடைக்காது. நான்காவது, தன்னார்வப் பணி. திரைப்பட விழா, புத்தகக் கண்காட்சி, இசை விழா எதுவானாலும் வாசலில் நின்று வழிகாட்ட ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பணிநேரம் முடிந்ததும் உள்ளே போய்ப் பார்க்கலாமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக, பிடிக்காத நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்காதீர்கள். அந்தக் களைப்பும் குறிப்பேட்டில் எங்காவது ஒரு தொகையாக வந்து விழும்.

ஏழாம் படி: நடந்து பழகுங்கள்

வாரம் ஒருமுறை, முன்பு போயிராத ஒரு பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து முடிந்த தூரம் நடந்து திரும்புங்கள். மாத அட்டை இருப்பவருக்கு இதில் செலவே இல்லை. நகரத்தின் எந்தப் பகுதியில் செருப்பு தைப்பவர் இருக்கிறார், எங்கே பழைய புத்தகம் விற்கிறார்கள், எந்தத் தெருவில் மாலையில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள் என்பதெல்லாம் இப்படி நடந்துதான் தெரியும். சுரங்க இரயிலில் மட்டுமே போய்வருகிறவருக்கு நகரம் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தீவுகளாகவே நெடுநாள் இருக்கும்; அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு இடையே எட்டு நிமிட நடைதான் என்பது தெரியாமல் வண்டி மாறிக்கொண்டிருப்பார்.

ஆறோ கடலோ உள்ள நகரமானால், மக்கள் வேலைக்குப் போய்வரும் படகில் ஏறுங்கள். சுற்றுலாப் படகு காட்டும் அதே காட்சியைப் பெரும்பாலும் அதுவும் காட்டும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகுக்கு 1997 முதல் பயணிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. 25 நிமிடப் பயணத்தில் அது சுதந்திர தேவி சிலை தெரியும்படி கடந்து போகிறது. கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் 1970களின் நடுவிலிருந்து, ஞாயிறு காலைகளில் முக்கியச் சாலைகளைக் கார்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் அன்று மக்களுக்குச் சொந்தம். அந்த முயற்சியைப் பின்பற்றிய நகரங்கள் பல. உங்கள் நகரமும் அவற்றில் ஒன்றா என்று விசாரியுங்கள்.

எட்டாம் படி: கூட்டாளிகளும் கூச்சமும்

சிக்கனமாக வாழ்பவருக்கு உண்மையில் கடினமான இடம் இதுதான். அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போகும்போது, மூன்று முறை ஏதோ ஒரு காரணம் சொல்லித் தவிர்த்தால் நான்காம் முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்ட போதெல்லாம் போனால் மாதம் தாங்காது. இதற்கு நான் கண்ட ஒரே வழி, கூப்பிடும் இடத்தில் நாமே நிற்பதுதான். எங்கே போவது, எவ்வளவு ஆகும் என்பதைக் கூப்பிடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். ஞாயிறு காலை கல்லூரி அரங்கில் வயலின் கேட்கப் போகிறேன், வருகிறீர்களா என்று நீங்கள் முதலில் கேட்டுவிட்டால், அந்த வாரத்தின் சந்திப்பு உங்கள் வசதிக்குள் முடிந்துவிடும். இப்படிக் கேட்டபோது தயங்கியவர்களைவிட, நானும் மாதக் கடைசியில் இப்படித்தான் என்று நிம்மதியோடு ஒப்புக்கொண்டவர்களே எனக்கு அதிகம் வாய்த்தார்கள்.

மாதத்துக்கு ஒரு முறையாவது மற்றவர்கள் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கும் போங்கள். அதற்கென்று சம்பளம் வந்த அன்றே ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால் குற்றவுணர்வு இல்லாமல் செலவழிக்கலாம். மிஞ்சினால் மகிழ்ச்சிக்குச் செலவிடுவேன் என்று வைத்திருப்பவர்களுக்கு எந்த மாதமும் மிஞ்சுவதில்லை. எதிர்பாராத மருத்துவச் செலவுக்கும் அவசரமாக ஊருக்குப் போய்வருவதற்கும் ஆகும் தொகையை மட்டும் வேறொரு கணக்கில், எளிதில் கைபடாத இடத்தில் போட்டு வையுங்கள். மாதத் தவணையில் கைப்பேசி, ஆண்டுச் சந்தாவில் உடற்பயிற்சிக் கூடம், முதல் மாதம் இலவசம் என்று அழைக்கும் செயலிகள் போன்றவற்றில் முதல் ஆறு மாதத்துக்கு எதிலும் சேராதீர்கள். உங்கள் பழக்கவழக்கம் இன்னும் நிலைபெறவில்லை என்பதே போதுமான காரணம்.

கடைசிப் படி: விருந்தினர் வரும் நாள்

ஆறு மாதத்துக்குள் ஊரிலிருந்து அம்மாவோ தம்பியோ நண்பரோ உங்களைப் பார்க்க வருவார்கள். அந்த ஒரு நாளில் நகரத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற பதற்றத்தில், உயரமான கோபுரத்தின் உச்சிக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் அழைத்துப் போய் ஒரு மாதச் சேமிப்பை முடித்துவிடுபவர்கள் உண்டு. அதற்குப் பதிலாக, இதுவரை நடந்து கண்ட இடங்களிலிருந்து ஒரு வழித்தடத்தை இப்போதே எழுதி வையுங்கள். காலையில் படகு அல்லது பேருந்தின் மாடியில் முன்னிருக்கை. வெயில் ஏறும்போது அருங்காட்சியகத்தின் ஒரே ஓர் அறை. மதியம் நீங்களே சமைத்து எடுத்துப்போன சாப்பாடு, உங்களுக்குப் பிடித்த மரத்தடியில். மாலையில் இலவச நிகழ்ச்சி ஏதேனும் இருந்தால் அது, இல்லையென்றால் நூலகம். வயதானவர்கள் வருவதானால் ஒவ்வோர் இடத்திலும் கழிப்பறையும் உட்கார இடமும் எங்கே இருக்கின்றன என்பதைப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். திரும்பும் வழிக்கு மட்டும் வாடகைக் காருக்கான தொகையை ஒதுக்கிவிடுங்கள். அன்றைக்குக் குறிப்பேட்டில் களைப்பு என்று எழுதிக்கொண்டாலும் பரவாயில்லை.